அவருடைய பையில்

நேசையன் பெஞ்சிலிருந்து சரிந்தபோது சூடாமணி டீச்சரின் கையில் சாக்கட்டி இருந்தது. கரும்பலகையில் 'மை புக் இஸ் ஆன் யுவர் டேபிள்' என்ற வாக்கியத்தின் கடைசிச் சொல்லை அவர் இன்னும் எழுதி முடிக்கவில்லை.

1977 ஜூலை. மாலை 6.50. திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையில், பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் ஒரு மாடி அறை.

முதலில் களைப்பு என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். சூடாமணி குனிந்து அவன் இமையை விரலால் தூக்கிப் பார்த்தார். மூச்சு குறட்டைபோல இழுத்தது. கன்னத்தில் தட்டியும் அசைவில்லை. பக்கத்தில் அவனுடைய பிளாஸ்க் மூடி, அடியில் கொஞ்சம் சுக்குக் காப்பியோடு கிடந்தது.

"யாரும் அந்தப் பிளாஸ்கைத் தொடாதீங்கோ. டாக்ஸி கூப்பிடுங்கோ."

அரை மணி கழித்து ஆஸ்பத்திரியிலிருந்து கீழ்க்கடைத் தொலைபேசிக்குச் செய்தி வந்தது. வயிற்றில் தூக்க மாத்திரை, ஒன்றிரண்டு அல்ல. பிழைப்பான் என்று இப்போது சொல்ல முடியாது.

அந்த வகுப்பில் நான்கு பேர்தான். மூன்று ஆண்களும் ஒரே காரியத்துக்காக இங்கிலீஷ் படித்தார்கள். குவைத்தில் ஓர் ஆஸ்பத்திரிக்கு ஸ்டோர் கீப்பர் வேண்டும், ஒரே ஓர் ஆள். மறுநாள் காலை பத்து மணிக்கு நேர்முகம். லாரிக் கம்பெனி குமாஸ்தா நேசையன், சாலைக் கடைத்தெருவில் மருந்துக்கடை விற்பனையாளன் யோசுவா, கல்லூரிப் பரிசோதனைக்கூட உதவியாளன் பகவதிப்பெருமாள். நான்காவது ஆள் பகவதிப்பெருமாளின் மனைவி உலகம்மாள். நாகர்கோவில் பக்கத்துப் பெண், கல்யாணமாகி ஓராண்டு. புருஷனோடு போக வேண்டியிருக்கும் என்று அவளும் வந்து உட்கார்ந்திருந்தாள்.

போலீஸ் வந்தது 7.40-க்கு. ஏ.எஸ்.பி. மல்ஹோத்ரா வடக்கிலிருந்து வந்து மாதம் ஒன்றுகூட ஆகாத இளைஞர். தமிழும் தெரியாது, மலையாளமும் தெரியாது. கூட வந்த கான்ஸ்டபிள் தாசையனை மொழிபெயர்க்க விடாமல் கையமர்த்தினார். இங்கிலீஷ் வகுப்புதானே, இங்கிலீஷிலேயே கேட்கிறேன் என்றார்.

பைகளைச் சோதித்தார்கள். ஒரு காக்கிப் பையின் அடியில் சின்னக் கண்ணாடிக் குப்பி அகப்பட்டது. காலி. அதன் மேல் யோசுவாவின் மருந்துக்கடைச் சீட்டு ஒட்டியிருந்தது.

"எங்க கடைச் சீட்டுதான், சார். ஆனா இது எப்படி எனக்க பைக்குள்ள வந்துதுன்னு எனக்குத் தெரியல்ல. ஆரு வேணும்னாலும் வாங்கலாம் அல்லே?" யோசுவாவின் உதடு உலர்ந்திருந்தது.

தாசையன் அதை இங்கிலீஷில் சொல்லி முடிக்குமுன் மல்ஹோத்ரா வேறு பக்கம் திரும்பிவிட்டார். ஆறு மணி இடைவேளையில் நேசையன் பிளாஸ்கை ஜன்னலோரம் விட்டுவிட்டுக் கீழே குழாயடிக்குப் போயிருந்தான். யோசுவாவும் பகவதிப்பெருமாளும் மேலும் கீழுமாக நடந்திருந்தார்கள். அறையை விட்டு நகராதவள் உலகம்மாள் ஒருத்திதான்.

மல்ஹோத்ரா அவளிடம் பையைத் தூக்கிக் காட்டினார். "ஹூஸ் பேக்?"

"யோசுவாஸ் பேக், சார்."

"இந்தக் குப்பியை இதில் வைத்தது யார்? நீ பார்த்தாயா?" என்று இங்கிலீஷில் கேட்டார்.

உலகம்மாள் வகுப்பில் பதில் சொல்வதுபோல எழுந்து நின்றாள். ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தாள். "எஸ் சார். ஹி புட் இட் இன் ஹிஸ் பேக்."

அவ்வளவுதான். தாசையன் யோசுவாவின் முழங்கையைப் பிடித்தான்.

"கர்த்தாவே, நான் வைக்கல்ல. டீச்சர், சொல்லுங்க டீச்சர்."

உலகம்மாளின் முகம் வெளிறியது. "நோ, சார். நோ. ஹி... ஹிஸ் பேக்..."

"ஆமாம், அவன் பைதான். புரிந்தது," என்றார் மல்ஹோத்ரா.

"சும்மா இரிட்டீ. கேட்டதுக்குச் சொல்லியாச்சுல்லா," என்று பகவதிப்பெருமாள் மெதுவாகச் சொன்னான். அவன் கை அவள் மணிக்கட்டின் மேல் இருந்தது.

சூடாமணிக்கு என்னவோ உறுத்தியது. இருபது வருஷம் பள்ளிக்கூடத்தில் இலக்கணம் சொல்லிக் கொடுத்தவர் அவர். ஒரு வாக்கியம் சரியாக இருப்பதாலேயே அது உண்மையாகிவிடாது என்று அவருக்குத் தெரியும். அந்தப் பெண் எதற்காக 'நோ' என்றாள்? தன் வாக்கியத்தையே யாராவது மறுப்பார்களா?

யோசுவாவைப் படியை நோக்கித் தள்ளிக்கொண்டு போனார்கள். மருந்துக்கடைச் சீட்டு, கண்ணால் பார்த்த சாட்சி, நேர்முகத்துக்குப் போட்டி. போலீசுக்கு இதற்குமேல் என்ன வேண்டும்? நேசையன் இறந்துபோனால் இது கொலை வழக்கு.

அந்த மாலை வகுப்பின் தொடக்கத்தை சூடாமணி மனத்தில் ஓட்டிப் பார்த்தார். மை, யுவர், ஹிஸ், ஹெர். பக்கத்தில் இருப்பவர்களின் பொருளைச் சொல்லி வாக்கியம் அமைக்கச் சொல்லியிருந்தார். உலகம்மாள் தயங்கவில்லை. 'நேசையன்ஸ் பிளாஸ்க் இஸ் நியர் த விண்டோ.' 'யோசுவாஸ் குடை இஸ் பிஹைண்ட் த டோர்.' குடைக்கு இங்கிலீஷ் வராமல் எல்லோரும் சிரித்தார்கள். புருஷனின் பேனாவைக் காட்டியபோது மட்டும் தலையைக் குனிந்துகொண்டு, 'ஹிஸ் பென் இஸ் இன் ஹிஸ் பாக்கெட்' என்றாள்.

சூடாமணி விறுவிறுவென்று படியிறங்கி ஜீப்பின் முன்னால் போய் நின்றார்.

"ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது," என்று இங்கிலீஷில் சொன்னார். "அதைத் தமிழில் கேட்க வேண்டும். உங்கள் கான்ஸ்டபிள் கேட்டுக்கொண்டு உங்களுக்குச் சொல்லட்டும். ஐந்து நிமிஷம் போதும். இல்லையென்றால் நீங்கள் தவறான ஆளைக் கூட்டிக்கொண்டு போகிறீர்கள்."

மல்ஹோத்ரா கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு இறங்கினார்.

பகவதிப்பெருமாள் மனைவியோடு வாசலுக்கே வந்துவிட்டிருந்தான். "நேரமாச்சு டீச்சர். நாளைக்கு எனக்கு இன்டர்வியூ."

"தெரியும். நீ கொஞ்சம் அவ கையை விடு." சூடாமணி உலகம்மாளைத் தன் பக்கம் நிறுத்திக்கொண்டார். "உலகம்மா, பயப்படாதே. யோசுவா குப்பியைத் தன் பையில வச்சுண்டானா?"

"இல்ல டீச்சர்."

"அப்போ யார் வச்சா?"

அவள் கண்கள் புருஷனிடம் போய்விட்டுத் திரும்பின.

"அவிய... அவிய யோசுவாக்க பையில வச்சாவ. யோசுவா மறந்து போட்டுட்டுப் போன மருந்துன்னு சொன்னாவ. நான் அதைத்தான் இங்கிலீஷுல சொன்னேன். போலீசுக்காரவ யோசுவாவ ஏன் பிடிச்சாவன்னு எனக்கு வெளங்கல்ல."

தாசையன் நின்ற இடத்திலேயே நிமிர்ந்தான்.

சூடாமணி ஏ.எஸ்.பி.யிடம் திரும்பினார். "எங்கள் பேச்சில் தன் பை என்றால் வைத்தவனுடைய பை. அவன் பை என்றால் இன்னொருவனுடையது. உங்கள் இங்கிலீஷில் இரண்டுக்கும் ஒரே 'ஹிஸ்'. அவள் ஒரு வாக்கியத்தில் இரண்டு பேரைச் சொன்னாள், நீங்கள் ஒரே ஆளைப் பிடித்துக்கொண்டீர்கள்."

"அந்த 'ஹி' யார் என்று எப்படித் தெரிந்தது?"

"நேசையனையும் யோசுவாவையும் அவள் பெயர் சொல்லித்தான் குறிப்பிடுவாள். உங்களிடமும் 'யோசுவாஸ் பேக்' என்றாள். அடுத்த மூச்சில் ஏன் வெறும் 'ஹி'? இந்த வகுப்பில் அவள் வாயால் பெயர் சொல்லாத ஆண் ஒருவன்தான். எங்கள் பக்கத்தில் நிறையப் பெண்கள் புருஷன் பெயரைச் சொல்வதில்லை. ஒருவன் ஆஸ்பத்திரியில், இன்னொருவன் லாக்கப்பில். நாளைக் காலை நேர்முகத்துக்கு மிச்சம் யார் என்று பாருங்கள்."

பகவதிப்பெருமாள் சிரிக்க முயன்றான். "இவ வெவரமில்லாதவ, சார். இங்கிலீஷும் தெரியாது, ஒண்ணும் தெரியாது."

"குப்பியை எங்க வாங்கின?" என்று தாசையன் கேட்டான். "கடையில கேட்டா நாளைக்கே சொல்லிப்போடுவாங்க."

பகவதிப்பெருமாள் குனிந்து தன் செருப்பைப் பார்த்தான். "அம்மைக்கு உறக்கமில்லன்னு வாங்கினேன்," என்றான். "நேசையன் காலம்பற எழும்பக் கூடாதுன்னுதான் நெனச்சேன். சாவணும்னு நெனைக்கல்ல."

வாக்குமூலத்தில் 'அவர்' என்று எழுத முடியாது. பெயர் வேண்டும் என்றார் மல்ஹோத்ரா. தாசையன் தயங்கித் தயங்கி அதைத் தமிழில் சொன்னான். உலகம்மாள் சுவரைப் பார்த்தபடி, ஆனால் எல்லோருக்கும் கேட்கும்படி, புருஷனின் பெயரை முழுதாகச் சொன்னாள்.

யோசுவாவின் கையை விட்டு, பகவதிப்பெருமாளை ஜீப்பில் ஏற்றினார்கள். யோசுவா வீட்டுக்குப் போகவில்லை. சூடாமணியோடும் உலகம்மாளோடும் டாக்ஸியில் ஆஸ்பத்திரிக்கு வந்தான். வார்டு வாசல் பெஞ்சில் நேசையனின் மனைவி உட்கார்ந்திருந்தாள். உலகம்மாள் அவள் பக்கத்தில் உட்காரத் துணியாமல் தூணோரமாக நின்றாள்.

வெகுநேரம் கழித்து டாக்டர் வெளியே வந்தார். "கண்ணு தொறந்நு. தண்ணி கேக்குன்னு," என்றார் மலையாளம் கலந்த தமிழில்.

நேசையனின் மனைவி எழுந்து உள்ளே ஓடினாள். காலியான பெஞ்சில் உலகம்மாள் போய் உட்கார்ந்தாள். அன்று மாலையிலிருந்து அடக்கி வைத்திருந்த அழுகை அப்போதுதான் வெடித்தது. சூடாமணி அவள் அருகில் உட்கார்ந்துகொண்டார், அழுது முடிக்கட்டும் என்று.