மலையைப் பார்த்த கல்

கல்லின் முதுகில் விரல் தடிமனுக்குப் பாசி படிந்திருந்தது. எழுத்து வெட்டிய பக்கத்தில் ஒரு பொட்டுக்கூட இல்லை. இருபத்தைந்து வருட மழை இரண்டு பக்கமும் ஒன்றாகத்தானே பெய்திருக்கும் என்று பிரியந்தி யோசித்தாள். எழுத்துகளின் ஓரங்கள் பலர் கை பட்ட கதவுப் பிடியைப்போல வழவழவென்று தேய்ந்திருந்தன. படிவத்தில் 'பாசி இல்லை' என்று எழுதினாள். தன் கண்மேலேயே நம்பிக்கை வராமல் அடித்தாள். தொட்டுப் பார்த்துவிட்டு மறுபடி அதையே எழுதினாள்.

மஸ்கெலியா வீதியோரத்து நினைவுக்கற்களைப் பட்டியலிட்டுப் படம் எடுப்பது அவளுக்குக் கிடைத்திருந்த மூன்று மாத வேலை. இந்தப் பதினோராவது கல் அவள் பிறந்த தேயிலைத் தோட்டத்துக் கல். மண்சரிவில் ஒரு லயத்தின் வரிசை வீடுகள் முழுதும் புதைந்து, பதினேழு பேரில் ஒருவருடைய உடலும் கிடைக்காமல் போனதற்காக வைத்தது. பதினாலாவது பெயர் பொன்னையா, அவளுடைய அப்பா. அன்று ஆறு மாதக் குழந்தையான அவள் காய்ச்சலோடு ஆஸ்பத்திரியில் இருந்தாள். அம்மாவும் கூட இருந்ததால் இருவரும் தப்பினார்கள்.

கல் வீதிக்கு முதுகைக் காட்டி, சரிந்த மலையைப் பார்த்து நின்றது. பள்ளிக்கூடம் போன நாளெல்லாம் அந்த முதுகை மட்டுமே பார்த்திருந்தாள்.

"யாருங்க மிஸ் இத வெச்சது? மலைக்கா பேப்பர் படிச்சுக் காட்டுறாங்க?" என்று சிரித்தான் ஹட்டனிலிருந்து வந்திருந்த கூலியாள் ஜீவராஜ். "திருப்பிடவா?"

படத்தில் எழுத்து வீதியோடு தெரிய வேண்டும் என்பது அலுவலக விதி. "திருப்பிடுங்க" என்றாள்.

ஜீவராஜும் இன்னொருவரும் அலவாங்கு போட்டு நெம்பினார்கள். கல் கிளம்பியபோது குழியிலிருந்து, யாரோ நெடுநேரம் அடக்கி வைத்திருந்த மூச்சை விட்டதுபோல ஒரு குளிர் எழுந்து அவள் கணுக்காலைத் தொட்டுப் போனது. பெயர்களுக்குக் கீழே இருந்த ஒரு வரியை அப்போதுதான் முழுதாகப் படித்தாள். 'உங்கள் பேர் வெட்டியாயிற்று. இனி வேலைக்கு வர வேண்டாம்.' செத்தவர்களுக்கு இப்படியா எழுதுவார்கள் என்று அவளுக்கு வருத்தமாக இருந்தது.

அன்று மாலை லயத்துக்கு ஏறும் படிகளில் புகையும் ரொட்டி வாடையும் வழக்கம்போல வந்தன. அதற்கு அடியில், ஒரு வாரமாக மழையே இல்லாத அந்த மலையிலிருந்து, புதிதாக வெட்டிய குழியின் ஈர மண் வாடையும், வேர் அழுகிய புளிப்பும், எங்கோ தேயிலைச் செடிகளுக்குள் பலர் மெதுவாக, செருப்பில்லாத காலோடு, ஒருவர்பின் ஒருவராக இறங்கி வருவதுபோன்ற சரசரப்பும் வந்துகொண்டே இருந்தன.

கல்லைத் திருப்பியதைச் சொன்னதும் அம்மா பேச்சியம்மாவின் கையிலிருந்த மாவு தட்டில் விழுந்தது.

"என்ன புள்ள செஞ்ச? அது நாம படிக்கவா வெச்சோம்? அவங்க படிக்கத்தான் வெச்சோம்."

"அம்மா, சும்மா பயங்காட்டாதீங்க."

"மண்ணு சரிஞ்சு எட்டாம் நாளு, காலையில பேர் கூப்பிடுற பெரட்டுக்கு வந்து நின்னாங்கடி. தூக்கத்துல போனவங்க. செத்தது அவங்களுக்குத் தெரியல. செக்ரோல் பதிவுல பேர் வெட்டினது தெரியாட்டி வேலைக்கு வரத்தானே செய்வாங்க? அன்னைக்கு அவங்கள அடையாளம் கண்டு போய்ப் பேசின நாலு பேரு, அப்படியே அவங்க பின்னால மலைக்குள்ள போனாங்க. அந்தப் பதினேழுல கடைசி நாலு பேரு அவங்கதான்; மண்ணுல போனாருன்னு ஒனக்குச் சொன்ன ஒங்கப்பாவும் அதுல ஒருத்தரு."

பிரியந்தி அலவாங்கை எடுத்துக்கொண்டு ஓடினாள். கல் அசையவில்லை. ஜீவராஜுக்குப் போன் செய்தாள்.

"விடிஞ்சதும் வாறேன் மிஸ். கல்லு எங்க ஓடிறப் போகுது?"

விடிவதற்குள் கதவை வெளியே பூட்டி, அம்மாவை உள்ளே வைத்துவிட்டுக் கல்லை நோக்கிப் புறப்பட்டாள். அம்மாவை அவர்கள் கண்ணில் படவிடக் கூடாது. அது ஒன்றுதான் அவளுக்கு வேண்டும். வீதிக்குப் போகும் வழி பெரட்டுக் களத்தின் ஓரமாகப் போனது. ஆறரைக்குக் கணக்கப்பிள்ளை வந்து பெயர் கூப்பிடும் வெறும் முற்றம். மணி ஐந்தரை.

பனி விலகியது.

வரிசையாக நின்றார்கள்.

தலையில் மண். கண்ணிருக்கும் இடத்தில் மண். அசையவில்லை. அவளைக் கணக்கப்பிள்ளை என்று நினைத்தார்கள்போல எல்லா முகமும் அவள் பக்கம் திரும்பியது.

கல்லில் இருந்ததைச் சொல்லிவிட்டால் போய்விடுவார்கள். அப்படித்தான் நினைத்தாள். பெயர்களைக் குறித்திருந்த படிவத்தை எடுத்தாள். முதல் பெயரைப் படித்தாள்.

"வந்திருக்கேங்க."

சேற்றுக்குள்ளிருந்து வந்த குரல். இரண்டாவது பெயர்.

"வந்திருக்கேங்க."

நிறுத்த முடியவில்லை. பாதியில் விட்டால் யார் விடுபடுவார்கள், யார் நிற்பார்கள் என்று தெரியவில்லை. பதினாலுக்கு வந்தாள்.

"பொன்னையா."

"வந்துட்டேன் பாப்பா."

நினைவு தெரிந்தபிறகு அவள் கேட்டறியாத குரல். உடம்புக்கு அது தெரிந்திருந்தது.

பதினேழும் முடிந்தது. "உங்க பேரு வெட்டியாச்சு" என்று கத்தினாள். "வர வேணாம். போயிருங்க."

யாரும் போகவில்லை.

பின்னால் காலடி. அம்மா. பூட்டிய கதவு எப்படித் திறந்தது? தலையில் கொழுந்து பறிக்கப் போகும்போது போடும் கொங்காணித் துணி. முதுகில் கூடை. அம்மாவின் முகத்தில் அவள் என்றும் பார்த்திராத வெட்கம்.

"அவரு குரல் கேட்டுச்சு புள்ள."

கையைப் பிடித்தாள். இறுக்கிப் பிடித்தாள். அம்மாவின் கை ஈரக் களிமண்ணாக அவள் விரல்களுக்கிடையே வழுக்கிப் போனது.

அம்மா பதினாலாவது ஆளுக்குப் பக்கத்தில் போய் நின்றாள். எல்லோரையும்போல முகத்தை இவள் பக்கம் திருப்பினாள். தன் பெயர் கூப்பிடப்படக் காத்திருந்தாள். பிரியந்தி வாயைப் பொத்திக்கொண்டாள்.

அம்மாவின் உதடு பிரிந்தது. உள்ளே மண்.