வடகிழக்கு மூலையில் படுத்திருப்பவர்

உலக வரலாற்றைத் திருத்தி எழுதும் மாபெரும் நிகழ்வு, நியூ ஜெர்சி மான்மவுத் ஜங்ஷனில், நெடுஞ்செழியன் வீட்டு பேஸ்மென்ட்டில், வாஷிங் மெஷினுக்குப் பக்கத்தில் நடந்தேறியது என்பதை இதனால் சகலருக்கும் அறிவிக்கலாகிறது.

நெடுஞ்செழியன் தொல்லியல் ஆய்வாளர். பசிபிக் தீவொன்றில் ஆதிப் பாலினீசியர் குடியிருந்த வீட்டைத் தோண்டிய குழுவில் இருந்தவர். வீடென்று எதுவும் மிஞ்சவில்லை. கம்பம் நட்ட குழிகளின் கறை, வாசலில் பாவிய கல், வெளியே அடுப்புச் சாம்பல். வடகிழக்கு மூலையில் மட்டும் ஒன்றுமே இல்லை, ஒரு மீன்முள்கூட.

ஈசானிய மூலை இத்தனை சுத்தமாக இருந்தால் அது என்ன? பூஜையறை. ஆகவே பாலினீசியர் தமிழர்.

தமிழ்ச் சங்கம் நெகிழ்ந்தது. சனிக்கிழமை உரை. எடுபட்டால் சங்கச் செலவில் ஆய்வுப் பதவி. எடுபடாவிட்டால் வேலை இல்லை, விசா இல்லை, மூட்டை கட்ட வேண்டியதுதான்.

உரையில் காட்டப் படம் வேண்டுமே. வீட்டின் வரைபடத்தை அதே அளவில் பேஸ்மென்ட் கார்ப்பெட்டில் நீல டேப்பால் ஒட்டினார். மூலையில் குத்துவிளக்கு வைத்தார்.

மறுநாள் மதியம் விளக்கு கோட்டுக்கு வெளியே இருந்தது. உள்ளே வைத்தார். சாயங்காலம் மறுபடி வெளியே.

"யாமினி, விளக்க நகர்த்தினியா?"

"எனக்கு லாண்டரி மடிக்கவே நேரமில்ல," என்றபடி மனைவி இறங்கி வந்தாள்.

உலர்ந்த புல்லின் வாசனை. அதனடியில் உப்புக்காற்று. ஹீட்டர் ஓடியும் பாதம் சில்லிட்டது.

மூலையில் கார்ப்பெட் அமுங்கியிருந்தது.

தோள். இடுப்பு. குதிகால்.

யாமினி குரலைத் தாழ்த்தினாள். "இது பூஜையறை இல்லங்க. யாரோ படுக்கிற எடம். அதான் பெருக்கி வச்சிருந்திருக்காங்க."

நெடுஞ்செழியனுக்குப் பயம் வரவில்லை. எதுவுமே வரவில்லை. சங்கத் தலைவர் பாலசுப்ரமணியனுக்கு போன் போட்டார்.

"அது படுக்கிற எடம் சார். மாத்திச் சொல்லணும்."

"எல்லா ஊர்லயும்தான் படுக்கிறாங்க. அதுக்கு யாரு கைதட்டுவா, டாக்டர்? பூஜையறைன்னே சொல்லுங்க."

சொன்னார். தட்டினார்கள். பதவி கிடைத்தது. பொன்னாடையும் போர்த்தினார்கள்.

வீடு திரும்பியதும் டேப்பைப் பிய்த்தார். பொன்னாடையை வாஷிங் மெஷின்மேல் போட்டுவிட்டு, விளக்கோடு படியேறினார்.

"ஏங்க." கீழே நின்ற யாமினி கிசுகிசுத்தாள். "இங்க வாங்க."

பொன்னாடை மூலையில் விரிந்து கிடந்தது. அடியில் நீளமாக ஏதோ.

துணி மெல்ல ஏறியது.

இறங்கியது.

மறுபடி ஏறியது.

இருவரும் பார்த்துக்கொண்டே நின்றார்கள்.

பொன்னாடை பாலியெஸ்டர். குளிர் தாங்காது.