விரல் நீளக் கண்ணாடி

கண்ணாடி உடையவில்லை. ஆனால் விரிசல் அகன்றிருந்தது.

முப்பது வருடம் கட்டட என்ஜினீயராக இருந்தவருக்கு இது நடக்கவே முடியாதது என்று தெரியும். விரிசலுக்குக் குறுக்கே விரல் நீளக் கண்ணாடி ஒன்றை ஒட்டி, அதில் தேதி எழுதி வைப்பார். சுவர் மயிரிழை நகர்ந்தாலும் அது படக்கென்று உடைந்துவிட வேண்டும்.

புராஸ்டேட்டில் புற்றுநோய் என்று கேட்டுவிட்டு வந்த அன்றுதான், படுக்கையறை பீரோவுக்குப் பின்னால் இருந்த விரிசலில் இந்தக் கண்ணாடியை ஒட்டினார். ஒன்றரை வருடம் ஆகிறது. "ஆபத்து கம்மியான வகை சார். இப்போ ஆபரேஷன் வேண்டாம். ஆறு மாசத்துக்கு ஒருக்கா ரத்தம் டெஸ்ட் பண்ணிப் பார்த்துக்கிட்டே இருப்போம்" என்றார் டாக்டர். இவருக்குக் கசப்பாகச் சிரிப்பு வந்தது. பார்த்துக்கிட்டே இருப்போம்! இதையே எத்தனை வீட்டுக்காரர்களிடம் வாய் கூசாமல் சொல்லியிருக்கிறார்.

ஒரு அம்மாள் மட்டும் மூன்று முறை போன் செய்தாள். "சுவத்துக்குள்ள சத்தம் கேக்குது சார்." மூன்று முறையும் போனார். கண்ணாடியைப் பார்த்தார், விரிசலை அளக்கவில்லை. 'மாற்றம் இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். கண்ணாடியைச் செங்கல்லில் ஒட்டாமல், சுவரை விட்டுக் கழன்றிருந்த மேல்பூச்சில் ஒட்டியிருந்தது, சுவர் அவள் மேல் விழுந்த பிறகுதான் தெரிந்தது.

அதனால் தன் வீட்டில் பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டுச் செங்கல் மேலேயே ஒட்டியிருந்தார்.

இன்று மூன்றாவது ரிசல்ட். வாங்கப் போக அவருக்குக் கால் வரவில்லை. "டாக்டரே பயப்படாதீங்கன்னுட்டார். நீங்கதான் வீட்டை இழவு வீடாக்கிட்டு இருக்கீங்க" என்று சொல்லிவிட்டு மனைவிதான் கிளம்பிப் போயிருந்தாள்.

மத்தியான வெயில் ஜன்னலுக்கு வெளியே கொளுத்த, பீரோ நின்ற மூலையில் மட்டும் ஈரச் சுண்ணாம்பு நெடியும், அதற்கு அடியில் ஊசி போடும் முன் தடவும் ஸ்பிரிட்டின் வாசமும் கலந்து வர, சுவருக்குள் எங்கோ மணல் பொலபொலவென்று உதிர்ந்துகொண்டே இருந்தது. டேப்பை எடுத்து முதன்முறையாக அளந்தார்.

விரிசல், நான்கு விரல் அகலம்.

கண்ணாடி, ஒரு சாண்.

மறுபடி அளந்தார். ஒரு சாண்தான். உடையாமல் வளர்ந்திருந்தது. அவர் எழுதிய தேதியும் கூடவே நீண்டிருந்தது.

போன் அடித்தது. "ஏங்க! மாத்தமே இல்லையாம்! போன தடவை இருந்த அதே நம்பர்!" மனைவியின் குரல் தழுதழுத்தது. "கேக்குதா? பேசுங்களேன்!"

போனைக் காதிலிருந்து இறக்கினார். மணல் உதிர்வது நின்றிருந்தது.

கண்ணாடியில் ஆவி படிந்தது. மறைந்தது. மறுபடி படிந்தது.

விரலால் துடைத்தார். போகவில்லை.

மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார்.

உள்பக்கத்தில் ஆவி படிந்தது. மறைந்தது. மறுபடி படிந்தது.