நிமிர்ந்த துடுப்பு

மழை விட்ட மாலையில், தெல்தோட்டை தாண்டி ஆற்றோரம் நின்ற பழைய தோட்டத்து பங்களாவுக்கு லோஜினியும் அவள் கணவன் ரவிகுமாரும் வந்து சேர்ந்தார்கள். வேன் கூரையிலிருந்து இரண்டு கயாக் படகுகளையும் துடுப்புகளையும் இறக்கினார்கள். போன வருடம் இதே ஆறுதான் அவளுடைய அண்ணன் கணேசைக் கொண்டுபோனது. அவன் பாதியில் விட்ட பயணத்தை முடிக்க வேண்டுமென்பது அவள் ஆசை.

ரவி மேசையில் வரைபடத்தை விரித்தான்.

"நாளைக்கு நான் முதல்ல இறங்குறேன். வளைவுக்கு அங்கிட்டு எனக்கு ஒண்ணும் தெரியாது. பாறையில நின்னு நீதான் பாத்துச் சொல்லணும். துடுப்பை நிமித்திப் பிடிச்சா வரலாம். குறுக்கப் பிடிச்சா வரக்கூடாது."

"மறந்து மாத்திப் பிடிச்சிட்டா?"

"உன் சமையலையே தாண்டி வந்தவன், இந்த ஆத்தைத் தாண்ட மாட்டேனா?"

சிரித்தபடி பிளேன்டீ போட உள்ளே போனான். அண்ணன் இறங்கிய அன்று பாறையில் நின்றவனும் இந்த ரவிதான். குறுக்கேதான் பிடித்தேன், கணேஸ் கவனிக்கவில்லை என்று அவள் மடியில் விழுந்து அழுதவன்.

அறைக்குள் ஆற்றுச் சேற்றின் வாடை எழுந்தது.

தரையில் கிடத்தியிருந்த துடுப்பு சுவரோரம் நிமிர்ந்து நின்றது. நீர் சொட்டியது.

எடுத்துக் கிடத்தினாள். திரும்பினாள்.

மறுபடியும் நின்றது.

காதோரம் ஈர மூச்சு.

"இப்படித்தான் பிடிச்சான், தங்கச்சி."

ரவி கோப்பைகளோடு வந்தான்.

"என்னங்க, அன்னைக்குக் குறுக்கத்தானே பிடிச்சீங்க?"

கோப்பைகளை வரைபடத்தின்மேல் வைத்தான். அவன் அவளைப் பார்க்கவில்லை. "எத்தனை தடவை கேப்ப? அவரு இருந்திருந்தா நம்ம கல்யாணத்துக்கு விட்டிருப்பாரா? நடந்தது நல்லதுக்குன்னு நினைச்சுக்க, லோஜி."

இத்தனை மாதமும் அந்தக் கையில்தான் தலை வைத்துத் தூங்கினாள்.

காலையில் பனிமூட்டம். பாறையில் நின்று பார்த்தாள். வளைவுக்குக் கீழே பெரிய மரமொன்று ஆற்றில் சாய்ந்து கிடந்தது. கிளைகளுக்கடியில் தண்ணீர் உறுமிக்கொண்டு நுழைந்தது.

ரவி சாகக்கூடாது. அம்மா முன்னால் நின்று உண்மையைச் சொல்ல வேண்டும்.

துடுப்பைக் குறுக்கே பிடித்தாள்.

சில்லிட்ட இரண்டு கைகள் அவள் கைகளின்மேல் படிந்தன.

"வேணாண்ணே..."

துடுப்பு மெல்ல நிமிர்ந்தது.

வளைவுக்கு மேலே கயாக்கில் காத்திருந்த ரவி அதைப் பார்த்தான். சிரித்தான். இறங்கினான்.

கிளைகளுக்கிடையே அவன் ஹெல்மெட் ஒருமுறை தெரிந்து மறைந்தது.

அலறிக்கொண்டு துடுப்பை வீசினாள். அது ஆற்றோடு போனது.

அந்தக் கைகள் மட்டும் இன்னும் விடவில்லை.