இடது கைக்கு உரிமையாளர்

பேச்சியம்மாளின் இடது கை மேல் போட்ட வழக்கில் பன்னிரண்டாம் நாள் தீர்ப்பு வந்தது. கை ஜெயிக்கவில்லை.

விளையாட்டுத் தீர்ப்பாயத்தின் தலைவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே படித்தார். "பேச்சியம்மாளின் கை பேச்சியம்மாளுக்கே சொந்தம். அந்தக் கை பந்தைத் தரையோடு தரையாகத் தட்டி, வலமிருந்து இடமாக வெட்டி, தோளைச் சாய்த்து உள்ளே நுழையும் அசைவு மட்டும் நெல்லை நாரைகள் அணிக்குச் சொந்தம்."

இருபத்திரண்டு வயதுப் பெண்ணைப் பார்த்து இதைச் சொல்ல அந்த மனிதருக்கு நாக்கு கூசவில்லை. படித்து முடித்துவிட்டுக் காப்பி கேட்டார்.

இந்த அநியாயம் எப்படி வந்ததென்று சொல்ல வேண்டும். கூடைப்பந்தில் கார்டு என்றால் பந்தைத் தட்டிக்கொண்டு போகிறவர், ஐந்து பேரில் ஆட்டத்தை ஓட்டுகிறவர். பேச்சி பதினேழு வயதில் நாரைகள் அணிக்குக் கார்டாக வந்தாள். பத்தொன்பதில் அவளுடைய இடது வெட்டைப் பார்க்கவே பாளையங்கோட்டை உள்ளரங்கம் நிறைந்தது. எதிரே நிற்கிறவள் வலது பக்கம் போய்த் தரையைத் தடவிக்கொண்டிருப்பாள், பேச்சி இடது பக்கமாகப் போய்ப் பந்தைக் கூடையில் போட்டுவிட்டுத் திரும்பி வந்துகொண்டிருப்பாள். ஊரே அதற்குப் பேச்சி வெட்டு என்று பெயர் வைத்தது.

அப்போதுதான் பதிவுச் சட்டை வந்தது. வெங்காயத் தோல் மாதிரி மெல்லியது. போட்டுக்கொண்டு ஆடினால், எந்தத் தசை எந்த நொடியில் எவ்வளவு இழுக்கிறது என்று ஒன்றுவிடாமல் எழுதிவிடும். எழுதி முடித்ததற்குப் பெயர் தசையேடு. அந்த ஏட்டை ஊட்டுச் சட்டை வழியாக இன்னொரு உடம்புக்குள் இறக்கலாம். நாற்பது நாள், தினம் ஆறு மணி நேரம் சும்மா படுத்துக் கிடந்தால் போதும். எட்டு வருஷம் வெயிலில் பந்து தட்டியவளின் கை, பந்தையே தொடாதவளுக்கு வந்துவிடும்.

பேச்சி இரண்டு வருஷம் அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு ஆடினாள். போடச் சொன்னார்கள், போட்டாள். ஏடு எழுதி முடிந்ததும் அவளைப் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். ஏடு கைக்கு வந்த பிறகு ஆள் எதற்கு? வெறுத்துப்போய் அவள் தூத்துக்குடியின் மீன்கொத்திகள் அணிக்குப் போனாள். போன மறுவாரமே வழக்கு.

தீர்ப்பு முடிந்து வெளியே வந்ததும் நாரைகள் அணி மேலாளர் ஆவுடையப்பன் வாசலில் சிரித்துக்கொண்டு நின்றார்.

"கோவப்படாதம்மா பேச்சி. கை ஒன்னோடதுதான். யாரு இல்லேன்னா?"

"அண்ணாச்சி, நான் இடது கையால பல்லு தேய்க்கலாமா? இல்ல அதுக்கும் ஒங்ககிட்ட வந்து கேக்கணுமா?"

"அது ஏட்டுல இல்லம்மா. தாராளமா தேயி."

அவர் கேலியாகச் சொல்லவில்லை. அதுதான் கொடுமை.

"ஒனக்குச் சங்கடமா இருந்தா நம்ம ஆளுங்க மறப்பூட்டின்னு ஒரு மிஷினை வச்சு அந்த வெட்டை ஒன் ஒடம்புலருந்து அழிச்சுத் தாருவாங்க. நாப்பது நிமிசம். வலிக்கவே வலிக்காது."

"ஒங்க மூஞ்சியப் போய் அழிங்க அண்ணாச்சி. ஊருக்காவது நல்லது நடக்கட்டும்!"

அவள் ஆட்டோவில் ஏறும்வரை அவர் அதே சிரிப்போடுதான் நின்றார்.

அந்த வருஷத்து லீக் ஆட்டங்களில் கூரையில் அசைவுக்காவல் பொருத்தியிருந்தார்கள். பன்னிரண்டு கண் உள்ள இயந்திரம். பதிவான அசைவை உரிமை இல்லாதவர் செய்தால் தானே ஊதும். ஒரு ஊதலுக்குப் பந்து எதிரணிக்குப் போகும். மூன்றாவது ஊதலுக்கு உரிமையாளர் புகார் சொன்னால் ஆட்ட உரிமம் போகும், ஆயுசுக்கும். திண்டுக்கல்லில் ஒரு தரம் பேச்சிக்கு ஊதியது. கரூரில் இன்னொரு தரம். இரண்டு தடவையும் அவள் வேண்டுமென்று செய்யவில்லை. எதிரில் ஆள் வந்தது, கை போனது. கால் தடுக்கினால் கையை ஊன்ற யாராவது யோசித்துவிட்டா ஊன்றுகிறார்கள்?

இன்னும் ஒரு ஊதல். அதோடு பேச்சியம்மாள் என்ற கார்டின் கதை முடிந்தது. அதற்குப் பிறகு அவள் இடது கையைக் கட்டிப் போட்டுக்கொண்டு பயிற்சி செய்தாள். வலது கையால் பந்தைத் தட்டினால் பந்து அவளை விட்டு ஓடியது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள்கூடச் சிரிக்கிற மாதிரி ஆடினாள். "பேச்சி, கைய வீட்டுல வச்சிட்டு வந்துட்டியாட்டி?" என்று கேலரியிலிருந்து கத்தினார்கள். அணித் தலைவி ரெஜினா ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டே விட்டாள்.

"நீ பயந்து பயந்து ஆடுனா நாங்க நாலு பேரும் என்ன செய்யட்டி?"

"நான் பயப்படலக்கா. எனக்கு வயிறு எரியுது. ரெண்டும் ஒண்ணா?"

ரெஜினா அடுத்த ஆட்டத்தில் பேச்சியைப் பாதி நேரம்தான் இறக்கினாள்.

ஆகஸ்டில் பாளையங்கோட்டையில் நாரைகளோடு ஆட்டம். எதிரணிக்குப் புது கார்டு, ஜெசிந்தா என்று பத்தொன்பது வயதுப் பெண். நாசரேத்துக்காரி. போன வருஷம்வரை தூரத்திலிருந்து கூடைக்குள் போடுவதில் கெட்டிக்காரி என்று பெயர் வாங்கியவள். இப்போது பேச்சியின் ஏட்டை நாற்பது நாள் படுத்து வாங்கியிருந்தாள்.

ஜெசிந்தா பந்தைத் தட்டிக்கொண்டு வந்தாள். பார்த்தால் பேச்சியேதான் வருகிறாள். அதே தோள், அதே குனிவு. வெட்டுவதற்கு முன்னால் மணிக்கட்டால் மூக்கைத் துடைத்துக்கொள்வதுகூட. முதல் இரண்டு தடவை பேச்சி பந்தைத் தட்டிப் பறித்தாள். தன்னைத் தனக்குத் தெரியாதா? ஆனால் பறித்த பந்தை வைத்து என்ன செய்ய? வலது கையால் தட்டினாள், இழந்தாள். மூன்றாம் தடவை ஜெசிந்தா வெட்டி உள்ளே போனபோது அரங்கம் முழுக்க எழுந்து நின்று "பேச்சி! பேச்சி!" என்று கத்தியது. ஜெசிந்தாவைப் பார்த்து!

பேச்சிக்குக் கோபம் தலைக்கு மேல் ஏறியது. பக்கத்தில் போய், "திருட்டு மூதேவி! சொந்தமா ஒரு அடி வச்சுப் பாருட்டி!" என்றாள்.

அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். மூன்றாம் பகுதியில் மறுபடி வெட்டினாள். இந்த முறை இடது கால் தரையில் ஊன்றியதும் முட்டியிலிருந்து ஒரு சத்தம் வந்தது. பக்கத்தில் நின்ற பேச்சிக்கு அது நன்றாகவே கேட்டது. ஜெசிந்தா கீழே விழுந்து முட்டியைக் கட்டிக்கொண்டு கதறினாள்.

காரணம் பேச்சிக்கு உடனே தெரிந்துவிட்டது. பேச்சியின் இடது கால் அரை அங்குலம் குட்டை. பிறவியிலேயே அப்படி. அந்தக் குட்டைக் காலுக்காகத்தான் அவள் உடம்பு சாய்ந்து ஊன்றக் கற்றது, அந்தச் சாய்விலிருந்துதான் வெட்டே வந்தது. அவள் தெருவில் இது தெரியாத ஆள் இல்லை. பாவாடைக்குக் கரை மடிக்கிற தையல்காரருக்குத் தெரியும். பதிவுச் சட்டை அறுநூறு இடத்தில் தசையை அளந்தது. ஒரு பயலும் இஞ்ச் டேப்பை எடுத்துக் காலை அளக்கவில்லை. இரண்டு காலும் சமமாக உள்ள பெண் அதே மாதிரி ஊன்றினால் முட்டி என்னத்துக்கு ஆகும்?

நாரைகள் அந்த ஏட்டை ஆறு பெண்களுக்கு இறக்கியிருந்தார்கள். இரண்டு மாதத்துக்குள் நாலு பேர் முட்டியில் கட்டோடு உட்கார்ந்தார்கள். லீக் விதியில் ஒரு வரி இருந்தது. ஓர் அசைவால் ஆட்டக்காரர்களுக்குக் காயம் வந்தால், அந்த அசைவின் உரிமையாளர் ஒரு வருஷம் ஆட்டத்துக்கு வெளியே. அதாவது நாரைகள் அணியே வெளியே.

நாலாவது பெண் விழுந்த மறுநாள் காலையில் ஆவுடையப்பன் பேச்சியின் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றினார். கையில் ஒரு காகிதம்.

"நல்லா யோசிச்சுப் பாத்தோம்மா. ஒரு அசைவு எந்த ஒடம்புல பொறந்துச்சோ அந்த ஒடம்புக்குத்தான் சொந்தம். நாங்க சும்மா எழுதி வச்சவங்கதான? தீர்ப்பாயமும் ஒத்துக்கிட்டாச்சு. நீ ஒரு கையெழுத்துப் போட்டா போதும்."

"பன்னெண்டு நாளு கோர்ட்டுல கத்துனேனே அண்ணாச்சி! அப்பம் ஒங்க காதுல என்ன வச்சிருந்தீங்க?"

"பழச விடும்மா. ஒன் கை ஒனக்கு வருதுல்லா?"

பேச்சி காகிதத்தை முழுக்கப் படித்தாள். நடுவில் ஒரு பத்தியில் நின்றாள்.

"அந்தப் பிள்ளைக முட்டிய ஒடச்சதும் நான்தான்னு போட்டிருக்கே?"

"சட்டப்படி அப்டித்தாம்மா வரும். அசைவு ஒன்னோடது, அது செஞ்ச வேலையும் ஒன்னோடது. ஒரு வருசம் உக்காரணும். அதுக்கப்புறம் யாரும் ஒன்னைய ஊத முடியாது."

கையெழுத்துப் போடாவிட்டால் நாளைக்கும் ஆடலாம், அடுத்தவன் சொத்தை உடம்பில் வைத்துக்கொண்டு, மூன்றாம் ஊதலுக்குப் பயந்து. போட்டால் கை திரும்பக் கிடைக்கும், தான் உடைக்காத நாலு முட்டியும் சேர்ந்தே வரும். திருடினவன் திருட்டுப் பொருளைத் திருப்பித் தந்துவிட்டு, அதை வைத்து அவன் செய்த அக்கிரமத்தையும் உன் பேரில் எழுதுகிறேன் என்கிறான். இதற்குப் பெயர் சட்டம்! பேச்சி அரைமணி நேரம் அவரை வாசலில் நிற்க வைத்துத் திட்டினாள். தெருவே கேட்டது. பிறகு பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள். ஒரு கார்டுக்குக் கிடைப்பது பத்து வருஷ ஆட்டம். ஒன்று போகட்டும், மிச்சம் தன்னுடையதாக இருக்கட்டும் என்று நினைத்தாள்.

அன்று சாயங்காலம் நகராட்சி மைதானத்துக்குப் போய்ப் பந்தை இடது கையால் வெட்டினாள். ஆறு மாதத்துக்குப் பிறகு வெட்டினாள். அழுகை வந்தது, அழுதாள், மறுபடி வெட்டினாள். அந்த வருஷம் முழுக்க அப்படியே போனது.

தடை முடிந்து அவள் இறங்கிய முதல் ஆட்டம் அதே பாளையங்கோட்டையில், அதே நாரைகளோடு நடந்தது. ஜெசிந்தாவும் திரும்பி வந்திருந்தாள். அறுவை செய்து முட்டியைச் சரிசெய்திருந்தார்கள், ஷூவுக்குள் அட்டை வைத்துக் காலைச் சாய்த்துக் கொடுத்திருந்தார்கள். பேச்சியின் ஏட்டைத்தான் எடுக்க முடியவில்லை. மறப்பூட்டி வைத்து அழிக்கப் பார்த்தபோது மாடிப்படி ஏறுவதே அவளுக்கு மறக்க ஆரம்பித்ததாம், பாதியில் நிறுத்திவிட்டார்கள். அவளுடைய பழைய ஆட்டம் ஏற்கெனவே போயிருந்தது. உடம்பில் பேச்சி மட்டும்தான் மிச்சம்.

முதல் பகுதியிலேயே இருவரும் நேருக்கு நேர் வந்தார்கள். ஜெசிந்தா குனிந்தாள், மூக்கைத் துடைத்தாள், இடது பக்கம் வெட்டினாள்.

கூரையிலிருந்து ஊதல் சத்தம் வந்தது.

பேச்சி சட்டென்று இடது கையை முதுகுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டாள். பிறகுதான் அது தனக்கு இல்லை என்று புரிந்தது. அந்தக் கணம் அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. பொய் சொல்வானேன், நன்றாகவே சந்தோஷமாக இருந்தது.

நடுவர் ஓடிவந்து ஒரு கைத்திரையை அவளிடம் நீட்டினார். 'உரிமையாளர்: பேச்சியம்மாள். உங்கள் அசைவு அனுமதியின்றிப் பயன்படுத்தப்பட்டது.' அதன் கீழே இரண்டு கட்டங்கள். புகார். அனுமதி.

"நீங்க இல்லாதப்பவே காவல் இந்தப் பொண்ணுக்கு ரெண்டு தரம் ஊதிருச்சும்மா," என்றார் நடுவர். "இது மூணாவது. புகார்னு அமுக்குனா உரிமம் போயிரும். சீக்கிரம் சொல்லுங்க, நேரம் போகுது."

ஜெசிந்தா பந்தை வயிற்றோடு அணைத்துக்கொண்டு நின்றாள். அவள் பார்வை கைத்திரையிலேயே இருந்தது.

"அக்கா, வேணும்னு செய்யலக்கா. எனக்கு வேற மாதிரி ஆடத் தெரியலக்கா. நடக்கவே இப்டித்தான் வருது."

பேச்சி ஆவுடையப்பனைத் தேடினாள். அவர் முதல் வரிசையில் உட்கார்ந்து மும்முரமாகத் தன் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு இதில் இப்போது எந்தச் சம்பந்தமும் இல்லை. சட்டப்படி இது உரிமையாளருக்கும் அத்துமீறினவளுக்கும் உள்ள விவகாரம்.

பேச்சி அனுமதி என்ற கட்டத்தை அமுக்கினாள். திரை உடனே அடுத்த கேள்வியைக் கேட்டது: 'எவ்வளவு காலத்துக்கு? இந்த ஆட்டத்துக்கு. இந்த ஆண்டுக்கு.' அதற்கு மேல் கட்டம் இல்லை. எப்போதைக்கும் என்று சொல்ல அந்த இயந்திரத்தில் இடமே வைக்கவில்லை. ஆண்டுக்கு என்பதை விரல் நோக அமுக்கினாள்.

நடுவர் திரையை வாங்கிக்கொண்டு போனார். ஜெசிந்தா கண்ணைத் துடைத்துக்கொண்டு இரண்டு கையையும் சேர்த்துக் கும்பிட்டாள்.

"ரொம்ப தேங்க்ஸ்க்கா."

"எதுக்குட்டி தேங்க்ஸ்? ஒன் கால வச்சு நீ நடக்கதுக்கு எனக்குத் தேங்க்ஸா? இன்னொரு தரம் சொன்ன, செருப்பு பிஞ்சிரும்!"

அந்தப் பெண் மிரண்டுபோய் இரண்டடி பின்னால் போனாள், இடது காலைக் கொஞ்சம் சாய்த்து ஊன்றி.