காணாமல்போன ஸ்லைடு

காலை 9.10. பரிசோதனைக் கூடத்து இழுப்பறையில் ஒரு கண்ணாடி ஸ்லைடைக் காணவில்லை. அக்காவின் இடது மார்பிலிருந்து போன வாரம் எடுத்த கட்டியின் மெல்லிய சீவல் அதில்தான் இருந்தது.

தங்கை போலீஸ் இன்ஸ்பெக்டர். "பரவவில்லை, மருந்து வேண்டாம்" என்ற அறிக்கை அறுவை நடந்த அன்று மாலையே கைக்கு வந்திருந்தது. 'அன்றே முடிவு' என்று வாசலில் பலகை மாட்டிப் பீற்றிக்கொள்ளும் மருத்துவமனை அது. அறிக்கையில் வலது மார்பு என்றிருந்தது. அதனால்தான் ஸ்லைடைக் கேட்டாள்.

இழுப்பறைச் சாவி மூன்று பேரிடம் உண்டு: டாக்டரம்மா, டெக்னீஷியன், மருத்துவமனை நிர்வாகி.

9.30. ஸ்லைடு பார்க்கும் டாக்டரம்மா.

"பால்குழாயச் சுத்தி ஒரு சவ்வு இருக்கும். கேன்சர் செல் முதல்ல பக்கத்து செல்லோட பிடிய விடும். அப்புறம் சவ்வை அரிச்சு வெளிய நழுவும். ரத்தக் குழாய்க்குள்ள பூந்துட்டா உடம்பெல்லாம் ஊர்வலம்தான்."

"எங்கக்காவுக்கு?"

"நான் பார்க்கவே இல்லம்மா. லீவு முடிஞ்சு இன்னைக்குத்தான் வந்தேன். அறிக்கையில இருக்கறது என் ரப்பர் ஸ்டாம்ப்."

9.45. டெக்னீஷியன்.

"கட்டிய மெழுகுல பதிச்சு, சீவி, சாயம் போடவே ரெண்டு நாள் ஆகும் மேடம். ஆனா இப்பவும்..."

"வாய மூடு!" என்று பாய்ந்தார் நிர்வாகி. அந்த மனிதரிடம் மூளையைத் தவிர எல்லாம் இஸ்திரி போட்டிருந்தது. "இவன்தான் மேடம் தொலைச்சிருப்பான். இன்னைக்கே வேலைய விட்டுத் தூக்கறேன். இருந்த ஒரே ஆதாரம், போயிடுச்சே!"

இன்ஸ்பெக்டருக்கு அருவருப்பாக இருந்தது.

"எடுத்தது நீங்கதான். வேற யாரோட அறிக்கையிலயோ எங்கக்கா பேரை ஒட்டி ஸ்டாம்ப் குத்துனீங்க. மார்பை மாத்த மறந்துட்டீங்க. முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைக்கப் பார்த்தீங்க."

"என்ன மேடம் ஆதாரம்?"

"மெழுகு. டெக்னீஷியன் சொல்ல வந்தது அதைத்தான். அதுலேருந்து எத்தனை சீவல் வேணாலும் எடுக்கலாம். டாக்டரம்மாவோ இவரோ மறைக்க நெனச்சிருந்தா மெழுகுக் கட்டியத்தான் முதல்ல தூக்கியிருப்பாங்க. அது அலமாரியில அப்படியே இருக்கு. ஸ்லைடு 'ஒரே ஆதாரம்'னு நம்பற ஆள் இங்க நீங்க ஒருத்தர்தான்."

நிர்வாகியின் கோட்டுப் பையிலிருந்து ஸ்லைடு வந்தது, இரண்டாக உடைந்து.

11.40. புதுச் சீவலின்மேல் குனிந்திருந்த டாக்டரம்மா நிமிர்ந்தார். "சவ்வு கிழிஞ்சிருக்கு. ரத்தக் குழாய்க்குள்ள போன மாதிரி தெரியல. இந்த வாரமே மருந்து ஆரம்பிச்சாகணும்."

அதற்குள் அக்காவும் வந்திருந்தாள். தங்கை அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நல்ல சேதி சீக்கிரம் சொல்லலாம்னுதாம்மா..." என்று நிர்வாகி இழுத்தார்.

அக்கா அவரை மேலும் கீழும் பார்த்தாள். "இந்த ரூமுக்குள்ள ஒரு நாளாவது வந்து வேலையப் பார்த்திருந்தா, ஒழுங்கா திருடவாவது தெரிஞ்சிருக்கும்."