முப்பத்தேழாம் அறை

"ஆராய்ச்சி நிலையத்துலேர்ந்து அஷ்வினி பேசறேன். எங்க லேப்ல ஒரு மோசடி நடந்திருக்கு. அஞ்சு மணிக்குள்ள நீங்க வரணும். ரூம் நம்பர் மூணு, சொன்னே, ஏழு. பேகனே வாங்க, சீக்கிரம்!"

டெலிபோனை வைத்த மதனுக்குக் கால் தரையில் பாவவில்லை. சேலத்திலிருந்து மைசூருக்கு வந்து ஒரு மாதம்தான் ஆகிறது. துப்பறியும் பழனிமுத்துவின் உதவியாளனாக அவனுக்கு இதுதான் முதல் வழக்கு.

ஆராய்ச்சி நிலையத்தின் முப்பத்தேழாம் அறையில் உடைந்த நாற்காலிகள்தான் கிடந்தன.

"சரியாத்தான் கேட்டியா?" என்றார் பழனிமுத்து.

"ரெண்டு காதாலயும் கேட்டேன் சார்!"

பழனிமுத்து அவன் அறை எண் எழுதிய சீட்டை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார். பியூனை விசாரித்து மூன்றாம் மாடியில் 307ஆம் அறையைக் கண்டுபிடித்தபோது மணி நாலேகால்.

அஷ்வினி உட்காரவேயில்லை. ஜன்னலுக்கும் மேஜைக்குமாக நடந்துகொண்டே பேசினாள்.

"ஒளித்துகள்களை எண்ணி நோட்டுல எழுதறோம் சார். அந்த எண்களை வெச்சு, ஒளி எந்தக் குவாண்டம் நிலையில இருந்துச்சுன்னு கம்ப்யூட்டர் தானே கத்துக்கும். போன மாசம் நூத்துக்குத் தொண்ணூறு சரியாச் சொல்லிச்சு. இந்த மோகனப்ரியா டைப் பண்ண வந்த அப்புறம் பாதிகூட இல்ல. வேணும்னே கெடுத்திருக்கா! அஞ்சு மணிக்கு டைரக்டர் வந்து கையெழுத்துப் போட்டா இவளுக்கு வேலை போயிடும்."

மேஜைமேல் புகார்க் கடிதம் தயாராக இருந்தது. மூலையில், மேட்டூரிலிருந்து வந்து இரண்டு வாரமே ஆன மோகனப்ரியா அழுது வீங்கிய கண்களோடு நின்றாள். "காதுல விழுந்ததைத்தான் சார் அடிச்சேன். சத்தியமா!"

"படிச்சுச் சொல்றது யாரு?"

"நான்தான்," என்றாள் அஷ்வினி.

பழனிமுத்து கீபோர்டின் மேல் குனிந்தார். எண் விசைகளெல்லாம் பளபளத்தன. ஒன்றில் மட்டும் தூசி படிந்திருந்தது. பிறகு நோட்டையும் திரையையும் ஒப்பிட்டார். நோட்டில் 203, திரையில் 23. நோட்டில் 410, திரையில் 41.

"சார், பூஜ்யம் அத்தனையையும் முழுங்கிட்டாங்க!" என்று குதித்தான் மதன்.

"பொறு மதன். அம்மா அஷ்வினி, முதல் வரியை இவங்களுக்குப் படிச்ச மாதிரியே படிங்க."

"ரெண்டு, சொன்னே, மூணு."

மோகனப்ரியா 2 அடித்தாள், 3 அடித்தாள்.

பழனிமுத்து பையிலிருந்த சீட்டை எடுத்து மதனிடம் நீட்டினார். "இது உன் கையெழுத்துதானே? 37. நீயும் பூஜ்யத்தை முழுங்கிட்டியே!"

மதன் சீட்டையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தான்.

"மைசூர்லயே வளர்ந்த தமிழங்களுக்குப் பூஜ்யம்னா கன்னடத்துச் 'சொன்னே'தான் வாயில வரும். சேலத்துக் காதுக்கும் மேட்டூர்க் காதுக்கும் அது 'சொன்னேன்'. 'ரெண்டு சொன்னேன், மூணு'ன்னு கேட்டா எவன் பூஜ்யம் அடிப்பான்?"

கம்ப்யூட்டர் பாவம், அதுவும் சொன்னதைத்தான் கற்றுக்கொண்டிருந்தது.

அஷ்வினி நடப்பதை நிறுத்தினாள். "ஒரு தடவை திருப்பிக் கேட்டிருக்கலாமே, ப்ரியா?"

"நீங்க வேக வேகமாப் படிப்பீங்க. நடுநடுவுல 'சொன்னேன், சொன்னேன்'னா, எரிச்சல்ல திட்டறீங்கன்னு நெனச்சேன்க்கா. கேக்கவே பயமா இருந்துச்சு."

அஷ்வினிக்கு வெட்கமாக இருந்தது. இரண்டு வாரமாக அந்தப் பெண்ணின் முகத்தைக்கூட அவள் சரியாகப் பார்த்ததில்லை. வராண்டாவில் டைரக்டரின் செருப்புச் சத்தம் கேட்டது. அவள் புகாரைக் கசக்கிக் கூடையில் போட்டாள்.

"என் மேலதான் தப்பு, மன்னிச்சுடு. உக்காரு, முதல்லேர்ந்து ஆரம்பிக்கலாம்." நோட்டைப் பிரித்து நிதானமாகப் படித்தாள். "ரெண்டு..."

வாய் வரை வந்த சொல்லை விழுங்கினாள்.

"பூஜ்யம்."

மோகனப்ரியாவின் விரல் தூசி படிந்த விசையைத் தேடி அழுத்தியது.